அடக்கலும் இடக்கரடக்கலும்: மலக்கட்டுப்பாடின்மை பற்றிச் சில குறிப்புகள்

இலக்கிய ஆய்வுகளை எதிர்பார்த்து இவ்விதழைப் பிரிக்கும் வாசகருக்கு, குடலைப் பற்றியும் மலத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெற்றிருப்பது வியப்பையும், ஒருவேளை முகச்சுளிப்பையும் தரலாம். அம்முகச்சுளிப்பு எங்கிருந்து வருகின்றது என்பதே எமது முதல் வினா. மலத்தை அடக்கிக்கொள்ள இயலாமை, அடிக்கடி ஏற்படும் வயிற்றோட்டம், தீராத மலச்சிக்கல் ஆகியவற்றை வைத்தியர்க்குரிய விடயங்கள் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் இவற்றோடு நாள்தோறும் வாழ்பவர்களிற் பெரும்பாலோர் வைத்தியரிடம் செல்வதில்லை. சென்றவர்களும் உள்ளதைச் சொல்வதில்லை. நோய்க்கும் வைத்தியத்துக்கும் இடையே இங்கு தடையாக நிற்பது சொல். சொல் எமது துறை சார்ந்தது. ஆதலின் இவ்விடயத்திலே தலையிட எமக்கும் ஓரளவு உரிமையுண்டு.

எமக்கு நன்கு அறிமுகமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கின்றார். யாழ்ப்பாணத்து இலக்கியக் கூட்டங்களிலே பல்லாண்டுகளாக முன்வரிசையில் அமர்ந்து, பேச்சாளரை இடைமறித்து வினாத்தொடுத்து வந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் பின்வரிசைக்கு மாறினார். கதவுக்கு அண்மையிலுள்ள நாற்காலியைத் தேடி அமர்ந்தார். பேச்சின் நடுவே எழுந்து போனார். பின்னர் வருவதையே நிறுத்திவிட்டார். இளந்தலைமுறையினரின் விமர்சனத்தைப் பொறுக்கமாட்டாது ஒதுங்கிக்கொண்டார் என நாம் முடிவுசெய்தோம். அதனை ஒரு தலைமுறையின் கருத்துநிலைப் பின்வாங்கலாகக் கண்டு பேசியும் இருக்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மை வேறு. நீரிழிவுக்காக அவர் உட்கொண்டுவந்த மெற்போமின் குளிசை அவருக்கு ஓயாத வயிற்றோட்டத்தை உண்டாக்கியிருந்தது. நெடுநாளைய நீரிழிவு நரம்புகளையும் தாக்கியிருந்தமையால், வருவதை அறிவதற்கும் வந்துவிடுவதற்கும் இடையே அவருக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறுகியது. கொழும்புக்குப் பஸ்ஸிற் செல்ல நேர்ந்தால் முதல்நாள் நண்பகலிலிருந்தே உணவை நிறுத்திவிடுவார். நீரிழிவு நோயாளர் ஒருவர் குளிசையும் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. இதனை அவர் எவருக்கும் சொல்லவில்லை. மகள் அறிந்திருந்தாள், உடுப்புத் தோய்ப்பவள் அவள்.

இவர் தனியொருவர் அல்லர். ஐக்கிய அமெரிக்காவில் 2005-2006 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் மேற்கொள்ளப்பட்ட கணிப்பொன்றில், வீடுகளில் வாழும் வளர்ந்தோருள் 8.3 சதவீதத்தினர் மாதத்தில் ஒரு தடவையேனும் மலம் தம்மையறியாது வெளியேறுவதாகக் கூறினர். இருபதுகளில் உள்ளோரிடையே 2.6 சதவீதமாக இருந்த இது, எழுபது வயதைத் தாண்டியோரிடையே 15.3 சதவீதமாக உயர்ந்தது. ஆண் பெண் வேறுபாடு எதிர்பார்க்கப்பட்ட அளவு பெரிதாக இருக்கவில்லை. பன்னிரண்டு பேர் கூடியிருக்கும் ஓர் அறையில் ஒருவர் என்று கொண்டால், ஒரு விரிவுரை மண்டபத்தில், ஒரு பஸ் வண்டியில், ஒரு கோயில் வீதியில் எத்தனை பேர் இருப்பர் என்பதை வாசகரே கணக்கிடலாம்.

உடலின் பொறிமுறையைச் சுருக்கமாக நோக்குவோம். மலக்குடலின் முடிவிலே இரு வளையத் தசைகள் உள்ளன. உள்வளையம் எமது விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. உறங்கும்போதும் இறுகியே நிற்பது. ஓய்வுநிலையில் வாயிலை மூடிவைப்பதிற் பெரும்பங்கு அதற்குரியது. வெளிவளையம் எமது விருப்பத்துக்கு உட்பட்டது. அவசரம் வந்தபோது நாம் இறுக்கிப் பிடிப்பது அதனையே. இவற்றுக்கு மேலாக, இடுப்படித் தளத்தின் தசைப்பட்டியொன்று மலக்குடலைப் பின்புறமாகக் கவணைப்போற் சுற்றி முன்னோக்கி இழுத்து, ஒரு வளைவை உண்டாக்கி வைத்திருக்கின்றது. குந்தியிருக்கும்போது அவ்வளைவு நிமிர்ந்து வழி இலகுவாகின்றது. இவற்றோடு நுண்ணுணர்வும் சேர்கின்றது: வந்திருப்பது வாயுவா, நீரா, திண்மமா என வேறுபிரித்தறியும் ஆற்றல் அவ்வாயிலின் மெல்லிய தோலுக்கு உண்டு. சபை நடுவே இருக்கும் ஒருவர் ஒருகணத்தில் எடுக்கும் முடிவு இவ்வளவு நரம்புகளினதும் தசைகளினதும் கூட்டுழைப்பின் விளைவு. மலம் மிக இளகியிருந்தாலும், குடல் மிகையாகத் துடித்தாலும், தசை கிழிந்திருந்தாலும், நரம்பு தளர்ந்திருந்தாலும், குடலின் கொள்ளளவு குறைந்திருந்தாலும் இக்கூட்டுழைப்புக் குலைகின்றது. பெரும்பாலோரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்தே காணப்படும். இவற்றுள் ஒன்றைச் சீர்ப்படுத்தினாற்கூட நாளாந்த வாழ்வு பெரிதும் மாறக்கூடும் என்பதே நம்பிக்கைக்கு இடந்தருவது. வளையத் தசையின் வலுவைக் கூட்டமுடியாத முதியவரிடத்தும் மலத்தின் இளக்கத்தைக் குறைக்க முடியும்.

இனி எமது துறைக்கு வருவோம். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். மலங்கழுவி வருதலைக் கால்கழுவி வருதல் எனக் கூறுவது பாடசாலை இலக்கணங்களில் நாம் கற்ற உதாரணம். தொல்காப்பியரும் எச்சவியலிலே, அவையிற் கூறத்தகாத சொற்களை மறைத்துக் கூறுமாறு விதித்தார். இவ்விதியை ஊன்றி நோக்கினால் ஓருண்மை புலப்படும். விதிக்கப்பட்டது மறைத்துச் சொல்லுதல், சொல்லாதிருத்தல் அன்று. இடக்கரடக்கல் என்பது சபையிலே ஒன்றைச் சொல்வதற்கான வழியே. அதனை மௌனத்துக்கான ஆணையாக மாற்றியது இலக்கணம் அன்று. பிற்காலத்து நடுத்தர வர்க்க நாகரிகம் என்றே கருதத் தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847 ஆம் ஆண்டு வந்து, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை இங்கிருந்து, மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு ஆகியன பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ப் பெயர் தேடினார். ஆகவே எம்மொழியிற் சொல் இல்லை என்ற வாதம் செல்லாது.

எனினும் பேச்சுவழக்கிலே ஒரு குறை உண்டு. வெளிக்குப் போதல், கக்கூசுக்குப் போதல், இரண்டுக்குப் போதல் என்று நாம் வழங்குபவை யாவும் போதல் என்ற வினையிலே முடிகின்றன. அங்கே போகிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு ஒரு விருப்பம் உண்டு. சென்றடைய ஓரிடம் உண்டு. போகாமலே நிகழ்ந்துவிட்டவருக்கு எமது இடக்கரடக்கல் எதனையும் வைத்திருக்கவில்லை. குழந்தைக்குரிய சொற்கள் உள்ளன; வசைச்சொற்கள் உள்ளன. வளர்ந்த ஒருவர் தன்மதிப்போடு வைத்தியர் முன் கூறத்தக்க சொல் இல்லை. ஆதலின் அவர் கைக்கெட்டிய சொல்லைப் பயன்படுத்துகின்றார்: "வயிற்றாலே போகிறது." வைத்தியர் இதனை வயிற்றோட்டம் என்று விளங்கிக்கொள்கிறார். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்க, அவரும் மேலே வினவுவதில்லை.

இத்தவறான விளக்கம் வெறும் மொழியியற் சுவாரசியம் அன்று. முதியோரிடத்திலே, குறிப்பாகப் படுக்கையிலிருப்போரிடத்திலே, மலக்கட்டுப்பாடின்மைக்கு மிகச் சாதாரணமான காரணங்களுள் ஒன்று மலச்சிக்கலாகும். இறுகிய மலம் குடலிலே தங்கி அடைத்துக்கொள்ள, அதனைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து வெளியேறுகின்றது. உடுப்பிலே காணப்படுவது நீர். உள்ளே கிடப்பது கல். வயிற்றோட்டம் எனக் கருதி வயிற்றைக் கட்டும் மருந்து கொடுத்தால் அடைப்பு மேலும் இறுகும். தேவைப்படுவது அதற்கு நேரெதிரான சிகிச்சை. ஒரு சொல்லின் போதாமை ஒருவரை மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடத்திவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நாமறியோம்.

பெண்களின் நிலை தனியே நோக்கத்தக்கது. 1993 ஆம் ஆண்டில் லண்டனில் வெளியான ஆய்வொன்று, முதற்பிரசவம் முடிந்த பெண்களைக் கேளா ஒலியலைக் கருவியினாற் பரிசோதித்தபோது, அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் வளையத் தசையிலே சேதம் இருப்பதைக் கண்டது. பிரசவ அறையிற் கண்ணுக்குத் தென்பட்ட கிழிசல்கள் இவற்றிற் சிறு பகுதியே. இச்சேதம் உடனே தொல்லை தராமலும் விடலாம். மாதவிடாய் நின்று தசைகள் தளரும் ஐம்பதுகளிலே வெளிப்படலாம். அப்போது அதனைப் பிரசவத்தோடு தொடர்புபடுத்துவார் எவருமில்லை. வயசு என்று கூறி முடித்துவிடுவர். இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. அதன் பின்னர் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். பால் சுரக்கின்றதா, தையல் ஆறியதா, குழந்தையின் நிறை என்ன என்று வினவுகிறார். வாயுவையும் மலத்தையும் அடக்க முடிகின்றதா என்ற வினாவையும் அவர் அவற்றோடு சேர்த்துக் கேட்டால் இழப்பது அரை நிமிடம்.

நாளாந்த வாழ்விலே செய்யக்கூடியவை யாவை? இதுபற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் பொருந்தும். ஏனெனில், இவை பெரும்பாலும் பணச்செலவற்றவை, இருந்தும் அறியப்படாதவை.

முதலில் ஒரு கொப்பியிலே இரு கிழமைகளுக்குக் குறிப்பெழுத வேண்டும்: உண்டது, குடித்தது, போன நேரம், மலத்தின் தன்மை, தவறிய வேளை. மலத்தின் தன்மையைக் கூறுவதற்குப் பிறிஸ்டல் நகர வைத்தியர்கள் 1997 இல் முன்வைத்த ஏழுபடி அளவுகோல் உதவும். முதலாம் படி ஆட்டுப் புழுக்கை போன்றது; ஏழாம் படி வெறும் நீர்; மூன்றும் நான்கும் விரும்பத்தக்கவை. எண்ணைச் சொல்வது சொல்லைச் சொல்வதிலும் எளிது என்பதை வாசகர் கவனித்திருப்பர். "எனக்கு ஆறு" என்று வைத்தியரிடம் கூறுவதற்கு எவரும் நாணவேண்டியதில்லை. இவ்வெண் எமக்குக் கிடைத்துள்ள புதியதோர் இடக்கரடக்கல் எனலாம்.

உணவைப் பொறுத்தவரை, எல்லார்க்கும் பொருந்தும் பத்தியம் இல்லை. நார்ப்பொருள் பற்றிய பேச்சு 1970களிலே உகண்டாவில் பணியாற்றிய அயர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பேர்கிற்றின் எழுத்துக்களால் உலகெங்கும் பரவியது. அவர் புகழ்ந்த கிராமத்து உணவுக்கு எமது குரக்கன் பிட்டும் சிவப்பரிசிச் சோறும் ஒடியற் கூழும் தூரத்தவை அல்ல. ஆயின் நாரெல்லாம் ஒன்றல்ல. நீரை உறிஞ்சிப் பசைபோலத் திரளும் நார், இளகிய மலத்தைத் திரட்டவும் இறுகிய மலத்தை மென்மையாக்கவும் ஒருங்கே உதவுகின்றது; இசப்கோல் உமி அத்தகையது. தவிடு போன்ற கரையாத நாரோ இளகிய வயிற்றுக்காரரை மேலும் துன்புறுத்தலாம். எதனையும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். போதிய நீரும் அருந்த வேண்டும். பலரிடத்திலே வயிற்றைத் தூண்டுபவை சாயம் கூடிய தேநீர், கோப்பி, மிளகாய், எண்ணெய் மிகுந்த உணவு, மதுபானம் ஆகியன. பால் பற்றித் தனியே கூறவேண்டும். தென்னாசியரிற் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் பாலிலுள்ள வெல்லத்தைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. பாற்றேநீரை நிறுத்தி இரு கிழமைகள் வெறுந்தேநீர் குடித்துப் பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. எவ்வாறாயினும், பட்டினி கிடப்பது தீர்வன்று. வெறுங்குடலும் வாயுவையும் சளியையும் தள்ளும்.

நேரமும் மருந்தே. உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் துடிக்கத் தொடங்குகின்றது. காலையுணவின் பின் அரைமணி நேரத்துக்குள் இத்துடிப்பு வலுவாக இருக்கும். அவ்வேளையில் அவசரமின்றிப் பத்து நிமிடம் குந்தியிருத்தலை அன்றாட வழக்கமாக்கினால், குடல் அந்நேரத்துக்குப் பழகும். பின்னர் நாள் முழுவதும் ஓரளவு விடுதலை. நாற்காலி மலசலகூடத்தைப் பயன்படுத்துவோர் கால்களுக்குக் கீழே சிறு பலகையொன்றை வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்ளலாம். இடுப்படித் தசைகளுக்கான பயிற்சி, ஆர்னல்ட் கேகல் 1948 இல் எழுதிய கட்டுரையாற் புகழ்பெற்றது. வாயுவை அடக்குவதுபோல இறுக்கி, இயன்றால் பத்து வினாடி நிறுத்தி, பின் தளர்த்துவதாகிய அப்பயிற்சியைத் தடவைக்குப் பத்தாக நாளுக்கு மூன்று முறை செய்யவேண்டும். பலன் தெரிய மூன்று மாதமளவு செல்லும்; பலரும் மூன்றாம் கிழமையிலேயே கைவிட்டு விடுவர். தசைகளைச் சரியாக இறுக்குகிறோமா என்பதை இயன்மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டித் தெளிதல் நன்று. லோப்பிரமைட் குளிசை, வைத்திய ஆலோசனையோடு வெளியே புறப்படுமுன் உட்கொள்ளத்தக்கது. காய்ச்சலோ இரத்தமோ இருப்பின் அதனைத் தொடக்கூடாது. கழுவியபின் தோலைத் தேய்க்காது ஒற்றியெடுத்து, துத்தநாகக் களிம்போ வசலீனோ தடவினாற் புண் உண்டாகாது. வெளியே செல்லும் பையிலே மாற்றுடுப்பு, நீர்ப் போத்தல், ஒரு பொலித்தீன் பை. இவை இருக்கின்றன என்ற எண்ணமே குடலைச் சற்று அமைதிப்படுத்துவதைப் பலர் கூறக்கேட்டிருக்கிறோம்.

இவற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறவில்லை. மலத்திலே இரத்தம் கலந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம் கண்டாலும், ஐம்பதைக் கடந்தவரின் வழக்கம் மாறிச் சில கிழமைகள் நீடித்தாலும் பரிசோதனை தேவை. முதுகுவலியோடு கால் சோர்ந்து, இருக்கைப் பகுதி மரத்து, திடீரெனக் கட்டுப்பாடு இழந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இவ்விடயத்திலே எமக்கு ஆசிரியர்களாக அமையத்தக்க ஒரு சாரார் இந்நாட்டிலேயே வாழ்கின்றனர். 2009 இல் முடிவுற்ற யுத்தத்திலே முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் வன்னி மக்கள் அவர்கள். காயம் உயரத்தில் இருப்பின் குடலின் அனிச்சைத் துடிப்பு எஞ்சியிருக்கும். கீழே இருப்பின் வாயில் தளர்ந்துவிடும். முதல் வகையினர், குறித்த நேரத்தில் உணவுண்டு, குதவழியாக மருந்து வைத்து, கையுறை அணிந்த விரலால் மெல்லத் தூண்டிக் குடலை வெறுமையாக்குகின்றனர். இரண்டாம் வகையினர் விரலால் அகற்ற வேண்டியவராகின்றனர். இதற்கு ஒரு மணித்தியாலம் வரை செல்லலாம். ஒரு நாட்பணியின் அட்டவணையில் இது எழுதப்படுகின்றது, பிறரோடு பேசப்படுகின்றது, புதிதாகக் காயமுற்றவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. மறைவாகவும் அவமானமாகவும் இருந்த ஒன்றைத் தொழில்நுட்பமாக மாற்றியதன் மூலம் அவர்கள் அதன்மீது அதிகாரம் பெற்றனர். ஏனையோர் பெறாதது இதுவே. ஆயின் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகளுக்கும் இறக்குமதிப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தபோது, இத்தொழில்நுட்பம் ஒரு சோடிக் கையுறையிலே தங்கியிருப்பதும் வெளிப்பட்டது.

இங்கு வர்க்கத்தின் பிரச்சினை தானாகவே வந்து சேர்கின்றது. சித்த வைத்தியம் அடக்கத்தகாத வேகங்கள் பதினான்கு என்று கூறும். மலம் அவற்றுள் ஒன்று. அடக்கினால் நோய் என்பது அதன் எச்சரிக்கை. இவ்வறிவுரையைப் பின்பற்றக்கூடியவர் யார்? மலையிலே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அண்மையில் மலசலகூடம் இல்லை. நாட்கூலி நிறையிலே தங்கியிருக்கின்றது. அவள் காலையில் நீர் குடிப்பதைத் தவிர்க்கிறாள், வருவதை அடக்குகிறாள், அடக்கி அடக்கி வருவதே நின்றுவிடுகின்றது. தையல் ஆலையின் வரிசையில் இருப்பவள் எழுவதற்கு மேற்பார்வையாளரின் அனுமதி வேண்டும். எங்கல்ஸ் 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலையை ஆராய்ந்தபோது, மஞ்செஸ்ரரில் ஒரு தெருவிலே 380 பேருக்கு ஒரே மலசலகூடம் இருந்தமையை எடுத்துக்காட்டினார். வேலைநாளின் நீளத்தைப் பற்றி எழுதிய எமது முற்போக்காளர், அவ்வேலைநாளினுள்ளே உடலுக்கு விடப்பட்ட நேரத்தைப் பற்றி எழுதவில்லை. விரிவுரையாளரும் எழுதுவினைஞரும் கேளாமலே எழுந்து செல்கிறார்கள். அது ஓர் உரிமை என்பதையே அவர்கள் உணர்வதில்லை.

அருவருப்பு இயல்பானது, எச்சமூகத்துக்கும் பொதுவானது என்று கூறுவர். நாற்றத்தின்பால் உள்ள வெறுப்பு அவ்வாறு இருக்கலாம். எமது சமூகத்திலே அவ்வெறுப்பு மனிதர்மீது ஏற்றப்பட்டது. பிரித்தானியர் காலத்தில் நகரசுத்தித் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், இப்பல்கலைக்கழகத்திலிருந்து சில மைல் தொலைவிலே, கண்டி மகியாவையில் வாழ்கின்றனர். வாளிக் கக்கூசின் வாளியை ஒரு சாதியின் தலையில் ஏற்றிய சமூகத்திலே, தன் மலத்தைத் தானே துடைக்க நேரும் முதியவர் நோயை மட்டும் அனுபவிப்பதில்லை. தாம் இழிவெனக் கருதிய இடத்துக்குத் தாமே இறங்கிவிட்டதாகவும் உணர்கிறார். அவருக்காக அதனைச் செய்யும் மனைவியோ மகளோ மருமகளோ அந்த உழைப்புக்குப் பெயரும் இன்றிச் செய்கிறாள். தகழி சிவசங்கரப்பிள்ளையின் மலையாள நாவலான 'தோட்டியின் மகன்' (1947) சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பிலே எமக்குக் கிடைத்தது. மலர்வதியின் 'தூப்புக்காரி' தமிழிலேயே எழுந்தது. அள்ளுபவர் இலக்கியத்திலே இடம்பெற்று விட்டார். அடக்கமாட்டாதவர் இன்னும் இடம்பெறவில்லை. றபலே பற்றிய நூலிலே பக்தின் உடலின் கீழ்ப்பகுதியை மக்கட் சிரிப்பின் ஊற்றாகக் கண்டார்; ஆயின் அச்சிரிப்பு திடமான உடலின் சிரிப்பு. எமது கூத்துக்களிலும் பகிடிகளிலும் இவ்விடயம் வரும்போது சிரிப்பவருக்கு நோயில்லை.

ஆசிரியரின் கதையை முடிக்க வேண்டும். பல்கலைக்கழகத்திற் பயின்ற அவரது பழைய மாணவியொருத்தி, இப்போது வைத்தியர், வேறு அலுவலாக வீட்டுக்கு வந்தவிடத்து, "ஐயா, அவசரம் வந்தா போய்ச் சேர முடியுதா, இல்லாட்டி உடுப்பில படுதா?" என்று நேராகவே கேட்டாள். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் ஒரேயடியாக எல்லாவற்றையும் கூறியதாக மகள் எம்மிடம் சொன்னார். குளிசை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றப்பட்டது, இசப்கோல் சேர்ந்தது, காலை நேரம் ஒழுங்காயிற்று. இப்போதும் கிழமைக்கொருமுறை தவறுவதுண்டு. கடந்த ஆண்டு அவர் கூட்டத்துக்கு வந்தார், கதவருகேதான் அமர்ந்தார். இடைவேளையில் நாம் அறிந்த இன்னொரு செய்தி: அம்மண்டபத்தின் மலசலகூடம் எக்காலமும் பூட்டிக்கிடப்பது, திறப்பு காவலாளியிடம் இருப்பது, அவர் தேநீர் குடிக்கச் சென்றுவிடுவது. பல்லாண்டுகளாக அங்கே கூட்டம் நடத்திய எமக்கு அது தெரியாது. கூட்டம் தொடங்குவதற்கு முன் அத்திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து வைப்பது இப்போது ஏற்பாட்டாளரின் வேலைகளுள் ஒன்று. ஆசிரியர் சென்ற கூட்டத்திலே மூன்றாம் வரிசையில் இருந்தார். எமது பேச்சை இருமுறை இடைமறித்தார்.